மட்டக்குளிக்காக வெள்ளவத்தை எழுதிய சோதனை

கலாநிதி சாந்தகுமாருக்கு எண்களைப் பிடிக்கும். எண்களுக்குத்தான் அவரைப் பிடிப்பதில்லை. இதைப் புளோறன்ஸ் கந்தோரில் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனதுக்குள் சொல்லிச் சொல்லியே பதினொரு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்துவிட்டாள். வெளிநாட்டில் பட்டம் வாங்கி வந்த மனிதர், ஒரு சராசரியைக் கணித்துத் தரச் சொல்லி அடுத்த அறைக்கு ஆள் அனுப்பினால் அவரைப் பற்றி வேறு என்னத்தை நினைப்பது? அவருடைய அறைச் சுவரில் அமைச்சர்களோடு எடுத்த படங்கள் ஏழு தொங்கின. அமைச்சர் மாறும்போதெல்லாம் படங்களின் வரிசையும் மாறும். அவர் சொந்தக் கையால் செய்கிற ஒரே கணக்கு அதுதான்.

கந்தோர் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகையில் 'அடைவு ஆய்வு நிலையம்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். சாந்தகுமார் அதன் பணிப்பாளர். புள்ளிவிவரப் பிரிவுக்குத் தலைவி புளோறன்ஸ். பிரிவில் அவளும் ஒரு கணினியும் மட்டுமே இருந்தபடியால் தலைவியாக இருப்பதில் பெரிய சிரமம் இல்லை.

வேலை இதுதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, தரம் நான்கு பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியுமா என்று நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரு சோதனை வைப்பார்கள். எல்லாப் பாடசாலைக்கும் போக முடியாது. ஆகவே ஐந்துக்கு ஒன்றாகக் குலுக்கி எடுப்பார்கள். எடுபட்ட பாடசாலை தனக்காகவும், எடுபடாத நான்குக்காகவும் சேர்த்துப் பேசும். அந்த ஐந்துதான் அதன் நிறை. எடுபட்டவற்றில் சில சோதனைக்கு வராமல் விட்டால், வந்தவற்றின் நிறையைக் கூட்டி, வராதவற்றின் இடத்தையும் அவற்றின் தலையில் கட்டுவார்கள். வராதவை வந்தவற்றைப் போன்றவை என்றால் அதில் ஒரு பிழையும் இல்லை. இல்லையென்றால் அது சுத்தக் களவு. இது திருத்தமா களவா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் புளோறன்ஸுக்கு அங்கே ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

ஜூலை மாதம் தரவு வந்து சேர்ந்தது. கொழும்புத் தமிழ்மொழிப் பாடசாலைகளின் பக்கத்தைத் திறந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெற்கில், அதாவது வெள்ளவத்தை, ஹெவ்லொக் டவுன் பக்கம் எடுபட்ட ஆறு பாடசாலையும் சோதனை எழுதியிருந்தன. வடக்கில், அதாவது கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கம் எடுபட்ட ஆறில் ஒன்றுகூட எழுதவில்லை. காரணம் என்ற கட்டத்தில் ஆறுக்கும் ஒரே சொல் இருந்தது: மறுப்பு.

அவள் பட்டியலை எடுத்துக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குப் போனாள்.

"வடக்கில ஆறும் மறுத்திட்டினமாம், சேர்."

"அதுக்கென்ன," என்றார் சாந்தகுமார், கழுத்துப்பட்டியின் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "வடக்கைத் தெற்கோட சேர்த்து ஒரே குழுவாப் போடும். பன்னிரண்டில ஆறு வந்திருக்கு. வந்த ஆறின்ர நிறையையும் ரெண்டால பெருக்கிவிட்டாச் சரி."

"தெற்கில இருக்கிறது மூண்டு இடத்தில டியூஷனுக்குப் போற பிள்ளையள் சேர். வடக்கில போன முறை சராசரி முப்பத்தேழு. தெற்கில அறுபத்தாறு. ரெண்டையும் எப்பிடி ஒண்டாப் போடுறது?"

"ரெண்டும் கொழும்பு மாநகரம். ரெண்டும் தமிழ்மொழி மூலம். நீர் ஏன் சும்மா டென்ஷன் ஆகிறீர்?"

அந்த 'நீர்' அவளுக்கு ஆகாது. தன்னைவிடக் கொஞ்சம் கீழே என்று நினைக்கிறவர்களிடம் மட்டும் அவர் பாவிக்கிற சொல் அது. அமைச்சிலிருந்து வரும் எழுதுவினைஞருக்குக்கூட அவர் 'நீங்கள்' போடுவார்.

அவள் தன் மேசைக்கு வந்து சும்மா ஒருமுறை பெருக்கிப் பார்த்தாள். கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளின் சராசரி அறுபத்தெட்டு என்று வந்தது. வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை தனக்காகவும் எழுதி, மட்டக்குளியில் ஒரு பிள்ளைக்காகவும் எழுதிக் கொடுத்துவிட்டது போல ஆகியிருந்தது. அந்த எண் வெறும் எண்ணாக இருந்துவிட்டால் பரவாயில்லை. போன முறை வந்த முப்பத்தேழைப் பார்த்துத்தான் அமைச்சு, வடக்கில் இருந்த ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலைக்கும் வாசிப்புத் துணை ஆசிரியர் ஒருவரைக் கொடுத்திருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளைத் தனியே இருத்தி வாசிக்கப் பழக்குவது அவர்களின் வேலை. சராசரி ஐம்பதைத் தாண்டினால் டிசம்பரோடு அந்தத் திட்டம் முடியும். அறுபத்தெட்டு என்று அறிக்கை போனால் முப்பது பாடசாலையில் முப்பது பேரும் வீட்டுக்குப் போவார்கள்.

சாந்தகுமார் மேல் வந்த வெறுப்பு அவளுக்குப் பழகிய வெறுப்பு. புதிதாக வந்தது அந்த ஆறு அதிபர்கள் மேல்தான். தங்கள் பாடசாலையின் பெயர் கெட்டுப்போகும் என்று பயந்து, தங்கள் பிள்ளைகளுக்கு வருகிற உதவியைத் தாங்களே கெடுக்கிற கோழைகள். இவர்களில் ஒருவரையாவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காவிட்டால் தனக்கு நித்திரை வராது என்று நினைத்தாள். மறுநாள் காலை மட்டக்குளி பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் கொட்டாஞ்சேனையைத் தாண்டும்போது அவள் யன்னல் பக்கம் பார்க்கவில்லை. அவள் பிறந்து வளர்ந்தது அங்கேதான். வெள்ளவத்தையில் மாடி வீடொன்றுக்கு வாடகைக்குப் போனதிலிருந்து, எந்த இடம் என்று யாராவது கேட்டால் 'வெள்ளவத்தை' என்றுதான் சொல்வாள். கொட்டாஞ்சேனை என்று சொன்னால் கந்தோரில் சிலருடைய உதடு ஒரு பக்கமாகப் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்த உதட்டை அவள் பார்த்துவிட்டாள்.

பாடசாலை தொடர்மாடி வீடுகளுக்குப் பின்னால் இருந்தது. மதில் முழுக்க வலை காய்ந்தது. அதிபர் இரத்தினசிங்கம் அறுபதை நெருங்கியவர். தடித்த சட்டமிட்ட கண்ணாடி, மார்பில் இரண்டு பேனா. புளோறன்ஸ் கதிரையில் முழுவதும் உட்காரக்கூட இல்லை.

"உங்கட பிள்ளையளுக்கு வாசிக்கத் தெரியாதெண்டு வெளியில தெரிஞ்சிடும் எண்டோ சோதனைய மறுத்தனீங்கள், சேர்?"

"மறுத்ததோ? ஆர் மறுத்தது?" அவர் கோப்பை இழுத்துப் பிரித்தார். "இந்தா, சம்மதக் கடிதம். முத்திரையும் குத்திக் குடுத்திருக்கிறன். நீங்கள் திகதி வைச்சது ஜூன் பதின்மூண்டு. அண்டைக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் பெருநாள். எங்கட பிள்ளையளில ஒண்டு பள்ளிக்கூடம் வருமோ? வேதக்காரர் மட்டுமில்லை, சைவப் பிள்ளையளும் தாய்மாரோட நேர்த்தி வைக்கப் போயிடும். வருசா வருசம் வலயக் கல்விக் கந்தோரில கேட்டு லீவு விட்டிட்டு, ஒரு சனிக்கிழமையில நாங்கள் அதை ஈடு செய்யிறனாங்கள். இந்தப் பக்கம் எல்லாப் பள்ளிக்கூடமும் அப்பிடித்தான். அதுக்கு அடுத்த நாள் வந்திருந்தாச் சுகமா வைச்சிருக்கலாமே!"

புளோறன்ஸ் கடிதத்தில் இருந்த முத்திரையைப் பார்த்தாள்.

"உங்கட கந்தோரில ஒருத்தரிட்டையும் கலண்டர் இல்லையோ?" என்றார் அதிபர். இப்போது அவருக்குச் சூடு ஏறிவிட்டது. "அந்தத் திகதியப் போட்ட மூளைசாலி ஆரெண்டு காட்டுங்கோ பிள்ளை, ஒருக்கா விழுந்து கும்பிட வேணும்."

பதின்மூன்று என்று கேட்டதுமே அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. அது என்னவென்று நின்று பார்க்க அவள் விரும்பவில்லை. கள வேலைக்குப் பொறுப்பான நப்ரீஸின் தலையில் பழியைத் தூக்கி வைத்தாள். பூட்டியிருந்த கேட்டைப் பார்த்துவிட்டு 'மறுப்பு' என்று போட்டவன் அவன்தானே. "போய் விசாரிக்கிறன் சேர்," என்று எழும்பினாள்.

வெளியே, நடைபாதையின் முடிவில், ஒன்பது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வாசிப்புத் துணை ஆசிரியை பழனியம்மா என்று அதிபர் சொன்னார். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து, மட்டக்குளியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அவளிடம் புத்தகம் இல்லை. சவர்க்கார உறை, தேயிலைப் பக்கற், மருந்துச் சிட்டை, பிஸ்கட் பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். ஸும்றா என்ற சிறுமி தேயிலைப் பக்கற்றில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்துகொண்டிருந்தாள். 'கொ... ழு... ம்பு' என்று முடித்துவிட்டு, சொன்னது சரியா என்று டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"போன வருசம் இந்தப் புள்ள எழுத்தப் பாத்தாலே அழும் மிஸ்," என்றாள் பழனியம்மா. "இப்ப வார்த்தைக்கு வந்திருச்சி. இன்னும் ஒரு வருசம் இருந்தா வரிக்கு வந்திரும். டிசம்பரோட எங்கள நிப்பாட்டப் போறதா பேசிக்கிறாங்க. ரிப்போட்ட பாத்துத்தான் முடிவாம். எங்க புள்ளைங்க எழுதாம ரிப்போட் எப்பிடி மிஸ் வரும்?"

"பாப்பம்," என்றாள் புளோறன்ஸ்.

கந்தோருக்குத் திரும்பியபோது நப்ரீஸ் மாடிப்படிக்குக் கீழே பிளேன்டீயும் மீன் ரோல்ஸுமாக இருந்தான். கிராண்ட்பாஸ் ஆள். அவள் நின்றபடியே அவனைக் கிழித்துத் தொங்கவிட்டாள். பூட்டியிருந்த பள்ளிக்கூடத்துக்கு மறுப்பு என்று போடுகிற அளவுக்குச் சோம்பேறித்தனமா, நாலாம் வகுப்புப் பிள்ளைக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியுமே, உனக்கெல்லாம் எவன் வேலை தந்தான் என்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் ரோல்ஸை முழுவதும் விழுங்கும்வரை பொறுமையாக இருந்தான். பிறகு கையைத் துடைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தான்.

"நா அப்பவே செல்லினேனே மிஸ். இங்க பாருங்க."

மார்ச் மாதம், அவள் சோதனைத் திகதியைக் குறித்து அனுப்பிய அன்றைக்கு வந்த செய்தி. 'மிஸ் ஜூன் 13 அந்தோனியார் பெருநாள். கொட்டாஞ்சேன பக்கம் ரோட்டெல்லாம் மூடுவாங்க. ஸ்கூலும் ஈக்காது. டேட்ட மாத்த ஏலுமா?' அதற்குக் கீழே அவளுடைய பதில் இருந்தது. 'அரச வர்த்தமானியில் விடுமுறை இல்லை. திகதி மாறாது.'

"அண்டக்கி வேன் ஜம்பட்டா வீதியத் தாண்டவே ஏலாமப் போச்சி," என்றான் நப்ரீஸ். குரலில் கோபம் இல்லை. "நடந்தே போய்ப் பாத்தேன். ஆறு ஸ்கூல்லயும் கேட்ல பூட்டு. டெப்ளட்ல 'மூடியிருந்தது'ன்னு போட்டா லீவுக்கு வர்த்தமானி நம்பர் கேக்குது. எனக்கு எங்க நம்பர்? 'மறுப்பு'ன்னு போட்டாத்தான் அடுத்த பக்கம் தொறக்குது. அந்த டெப்புக்குக் கேள்வியெல்லாம் போட்டது நீங்க தானே மிஸ்."

அவள் படியேறினாள். மூன்றாம் மாடிக்கு ஏறி முடிக்கும்வரை அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, வெட்கம்தான் வாங்கியது. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். பதினெட்டு வருடம் ஒவ்வொரு ஜூன் பதின்மூன்றும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சனத்துக்குள் மெழுகுதிரியோடு நின்றவள் அவள். நப்ரீஸின் செய்தியை வாசித்த அந்த நிமிடமே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் திகதியை மாற்றுவதென்றால் சாந்தகுமாரின் அறைக்குப் போய், எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பெருநாள் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். 'எங்கள் பக்கம்' என்றால் எந்தப் பக்கம் என்று அவர் கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வர்த்தமானியை முன்னால் பிடித்துக்கொண்டாள். இதைவிடக் கேவலமான காரணம் அந்தக் கந்தோரில் சாந்தகுமாருக்குக்கூட இருந்ததில்லை.

அன்றைக்கே அவரிடம் போனாள்.

"பிழை எங்கட பக்கம் சேர். அவை மறுக்கேல்லை, அண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வினாப் புத்தகங்கள் மிச்சம் இருக்கு. அடுத்த கிழமை ஆறு இடத்திலயும் நானே போய் வைச்சுக்கொண்டு வாறன்."

"களவேலை முடிஞ்சுது எண்டு அமைச்சுக்கு அறிவிச்சாச்சு."

"அப்ப வடக்கின்ர வரியை வெறுமையா விடுவம். தரவு இல்லை எண்டு போட்டால் பழைய முப்பத்தேழு நிக்கும். அந்த ஆசிரியர்மாருக்கும் ஒண்டும் நடக்காது."

"முதல் அட்டவணையில ஓட்டையோ?" சாந்தகுமார் சிரித்தார். "வராத பள்ளிக்கூடத்துக்கு நிறையைத் திருத்துறது எண்டு உலகம் முழுக்க ஒரு முறை இருக்குத்தானே? அதுக்குத்தானே உம்மை வைச்சிருக்கு? பிழை திகதியில எண்டு நீர் எழுதினால், அந்தத் திகதிதான் எண்டு நிண்டது ஆர் எண்டு கேப்பினம். நப்ரீஸின்ர போனில என்ன இருக்கு எண்டு எனக்கும் தெரியும்." பிறகு குரலை இறக்கி, ஏதோ உதவி செய்கிறவர் போலச் சொன்னார்: "நீர் கொட்டாஞ்சேனை ஆள் எண்டு உம்மட கோப்பில பதினொரு வருசமாக் கிடக்கு. கொட்டாஞ்சேனை ஆளுக்குப் பெருநாள் தெரியாது எண்டு ஆர் நம்புவினம்? பேசாமப் போய்ப் பெருக்கும்."

அவர் பதினொரு வருடமும் தெரிந்துகொண்டே அவள் 'வெள்ளவத்தை' என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். வடக்கையும் தெற்கையும் ஒரே குழுவாக்கினாள். ஆறு பாடசாலையின் நிறையையும் இரண்டால் பெருக்கினாள். பத்து நிமிட வேலை. பிறகு 'நிறைகள் சரிபார்க்கப்பட்டன' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டாள். அதிபர்களைக் கோழைகள் என்று நினைத்தது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. தன்னைப் பார்த்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கையெழுத்தை அழிக்கவில்லை.

செப்டெம்பரில் அறிக்கை வெளியீடு. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் குளிரூட்டிய மண்டபமொன்று, வெள்ளைத்துணி போர்த்திய கதிரைகள். சாந்தகுமார் புது கோட் போட்டிருந்தார். முன்வரிசையில் அமைச்சின் மேலதிகச் செயலாளர் அம்மணி, மடியில் அறிக்கையோடு உட்கார்ந்திருந்தார். திரையில் சிவப்பிலிருந்து பச்சைக்குத் தாவும் ஒரு வரைபடக் கம்பம் தெரிந்தது. முப்பத்தேழிலிருந்து அறுபத்தெட்டு, மூன்றே வருடத்தில், முழு இலங்கையிலும் இப்படியொரு வளர்ச்சி இல்லை என்று சாந்தகுமார் ஆங்கிலத்தில் முழங்கினார். சபை கைதட்டியது. போன முறை வடக்கு மட்டும் இருந்த வரியையும், இந்த முறை இரண்டையும் குழைத்த வரியையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார் என்பது அந்த மண்டபத்தில் புளோறன்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

அதோடு விட்டாரா? இந்தச் சாதனைக்குக் காரணமானவர்கள் என்று வடக்கின் ஆறு அதிபர்களையும் மேடைக்கு அழைத்து ஆளுக்கொரு ஷீல்ட் கொடுத்தார். சோதனையே எழுதாத ஆறு பாடசாலைக்கு, எழுதியதில் வந்த முன்னேற்றத்துக்காகப் பரிசு! ஆறு பேரில் ஒருவராவது 'எங்கட பிள்ளையள் எழுதவேயில்லையே' என்று சொல்வார் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரத்தினசிங்கம் வாயைத் திறந்தார். படம் பிடிக்கிறவன் 'சேர், இங்க' என்றான். திறந்த வாய் அப்படியே சிரிப்பாகிவிட்டது.

"மிஸ்."

பக்கத்துக் கதிரைக்குப் பழனியம்மா வந்திருந்தாள். அதிபர் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கையில் ஒரு கடிதம். வாசிப்புத் துணைத் திட்டம் இலக்கை வெற்றிகரமாக அடைந்துவிட்டதால் டிசம்பர் முப்பத்தோராம் திகதியோடு தங்கள் சேவை நிறைவுறும், வாழ்த்துகள் என்று அதில் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். எங்க புள்ளைங்க எப்ப எழுதினாங்க?"

"எழுதேல்லை."

"அப்ப இந்த அறுபத்தெட்டு யாரோட மார்க்கு?"

"வெள்ளவத்தைப் பிள்ளையளின்ர."

பழனியம்மா திரையைப் பார்த்தாள். பிறகு கடிதத்தை நாலாக மடித்தாள். "ஸும்றா நேத்துதான் மொத மொதல்ல ஒரு முழு வரி வாசிச்சா," என்றாள். "மிச்ச எட்டும் இன்னும் எழுத்துக் கூட்டிக்கிட்டுத்தான் இருக்கு. யாரு மிஸ் இனி அதுங்களப் பாப்பா?"

மேடையில் சாந்தகுமார், கேள்விகள் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்ற பதிலையும் தானே தயாராக வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது. புளோறன்ஸ் எழும்பினாள். ஒலிவாங்கிக்குக் காத்திராமல் உரக்கக் கேட்டாள்.

"வடக்கில எத்தினை பிள்ளையள் இந்தச் சோதனைய எழுதினவை, சேர்?"

மண்டபம் திரும்பியது. சாந்தகுமாரின் சிரிப்பு அசையவில்லை. "இவ எங்கட புள்ளிவிவர ஆள்," என்று அவர் சபைக்குச் சொன்னார். "நிறைகளைக் கணிச்சதே இவதான். கையெழுத்தும் இவவுடையது. தன்னைத்தானே கேக்கிறா போல."

சிலர் சிரித்தார்கள்.

"ஓம், நான்தான்," என்றாள் புளோறன்ஸ். பிறகு அம்மணிக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சிங்களத்துக்கு மாறினாள். வடக்கில் ஒரு பிள்ளையும் எழுதவில்லை என்றாள். தெற்குப் பிள்ளைகளின் புள்ளிகளை இரட்டித்து அவர்களின் பெயரில் போட்டது தான் என்றாள். மேடையில் ஷீல்ட் வாங்கிய பாடசாலைகள் அன்றைக்குப் பூட்டியிருந்தன என்றாள். அம்மணி திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்தத் திகதியைத் தீர்மானித்தது யார் என்று கேட்டார். "நான்," என்றாள். மறுப்பு என்று ஏன் பதிவானது? "படிவத்தைச் செய்ததும் நான்தான்." இவ்வளவையும் செய்துவிட்டு இப்போது ஏன் சொல்கிறாய்? "ஜூலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்," என்றாள்.

அம்மணி பேனாவை எடுத்தார். அறிக்கையில் அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் முப்பத்தேழு என்று எழுதினார். திரும்பச் சோதனை வைக்கும்வரை பழைய எண்தான் செல்லும், ஆசிரியர்கள் இருக்கட்டும், நாளைக்கு எனக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று பணிப்பாளருக்குச் சொன்னார். சாந்தகுமார் ஒரு நிமிடம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒலிவாங்கியில், தேநீர் தயாராக இருப்பதாக அறிவித்தார். சபை நிம்மதியாக எழும்பிப் பற்றீஸ் தட்டுகள் பக்கம் நகர்ந்தது.

அவளைக் கடந்து போகும்போது அவர் உதடு அசையாமல் சொன்னார்: "நாளைக்கு நீர் வரவேண்டாம். சாவியக் கீழ செக்கியூரிட்டியிட்டக் குடும்."

இரத்தினசிங்கம் ஷீல்டை மார்போடு அணைத்தபடி ஓடி வந்தார். "பிள்ளை, இதைத் திருப்பிக் கேப்பினமோ? நான் வட்ஸப்பில படமும் போட்டிட்டனே. மகள் கனடாவில இருந்து வாழ்த்தும் அனுப்பிட்டா." புளோறன்ஸ் அவரைப் பார்த்தாள். ஏசுவதற்கு நல்ல சொற்கள் நாலைந்து வாய்வரை வந்தன. எதையும் சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று நினைத்து, பழனியம்மாவைத் தேடினாள்.

பழனியம்மா வாசலுக்குப் போய்விட்டாள். புளோறன்ஸ் விறுவிறுவென்று பின்னால் போனாள். வேலை போன கையோடு ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது. உள்ளதைச் சொன்னால், அவள் ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் போனாள்.

"இனி ஒண்டும் நடக்காது டீச்சர். அடுத்த சோதனை வரைக்கும் நீங்கள் இருப்பீங்கள்."

"கேட்டேன் மிஸ்." பழனியம்மா நின்றாள். "யாரோ வெளியூர்க்காரங்க, பெருநாள் தெரியாம தேதிய வச்சுட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க எந்தூரு?"

"கொட்டாஞ்சேனை."

"கொட்டாஞ்சேனையா?"

"ஓம். அங்கதான் பிறந்தனான்."

பழனியம்மா கடிதத்தைப் பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்து மூடினாள். பிறகு தலைநிமிர்ந்து, அவளுடைய சேலையையும் காலணியையும் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையைப் புளோறன்ஸ் நன்றாக அறிவாள். பணிப்பாளரையும், நப்ரீஸையும், அதிபர்களையும் இத்தனை காலமாக அவள் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறாள்.

"அப்ப தெரிஞ்சுதான் வச்சிருக்கீங்க," என்றாள் பழனியம்மா.

"ஓம்."

"கடைசிப் பாடத்துக்காவது போயிடணும் மிஸ். புள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். காலி வீதியில் மட்டக்குளி பஸ் வந்து நின்றது. அவள் ஓடிப்போய் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.